எட்டடி உயரத்தில் ஒரு பெயர்

“ஆறடி அஞ்சு இஞ்சு. எட்டடி இருக்கோணும். பலகையைக் கழட்டுங்கோ.”

அளவு நாடாவைச் சுருட்டியபடி சொன்னாள் டிலக்ஷி. பிரதேச சபையின் புதிய தொழில்நுட்ப உத்தியோகத்தர். கொடிகாமம் சந்தையடிக் கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு அந்த மாதம்தான் விதி வந்திருந்தது. நிலத்திலிருந்து எட்டடி உயரம். நடைபாதைக்கு மேல் நீட்டக் கூடாது.

கடைக்காரன் நிருஷன், பூட்டிக்கொண்டிருந்த சைக்கிள் செயினைக் கீழே வைத்தான்.

“மிஸ், நீங்கள் அளந்தது பலகையை இல்லை. கண்ணூறுக்குக் கட்டின நீத்துப்பூசணியை.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். பலகைக்குக் கீழே, கயிற்றில், பூசணிக்காய் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் யாரோ சிரித்தார்கள்.

“பலகையிலை தொங்கிறதெல்லாம் பலகைதான்!”

“அப்ப, காகம் இருந்தா அதையும் சேர்த்து அளப்பியளோ?”

திடீரென்று மழை கொட்டியது. இருவரும் கடை வாசலின் ஒரே தகரக் கூரையின் கீழ்... கோபத்தில் அவள் கண்கள் விரிந்திருந்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி. நிருஷன் பார்த்தான். சட்டென்று திரும்பிக்கொண்டான். இரண்டு வருடமாக அவன் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

“பூசணியை விடுங்கோ. பலகை நடைபாதைக்கு மேலை ஒண்டரை அடி நீட்டுது. அது பிழைதானே?”

“பிழைதான். ஆனா கழட்ட மாட்டன்.”

“ஏன்?”

‘உதயகலா சைக்கிள் திருத்தகம்’ என்றது பலகை.

“உதயகலா என்ரை மனுசி. செத்திட்டா.”

அவள் பேனையை மூடினாள். ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு வரைபடத்தோடு வந்தாள்.

“சுவரோடை ஒட்டிப் பூட்டினா ஒரு விதியும் தடுக்காது. முழுக்க வாசிச்சுப் பாத்தனான்.”

அவன் ஏணியில் ஏறினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“நேரா இருக்கோ?”

“கொஞ்சம் கோணல்... உங்கடை மூஞ்சி மாதிரி.”

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அவனுக்கே அந்நியமாக இருந்தது.

அதன்பிறகு, குறையில்லாத பலகையைப் பார்வையிட அவள் அடிக்கடி வந்தாள். ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த அவளுடைய சைக்கிள் சில்லுக்கு அவன் மறுபடி மறுபடி காற்று அடித்துக் கொடுத்தான்.

ஊர் கதைத்தது. ஒருநாள் அவளுடைய தமையன் கஜீபன், அவளையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“கலியாணத்துக்கு நான் மறிக்கேல்லை. ஆனா முதல் உந்தப் பேரைக் கழட்டும். செத்தவளின்ரை பேருக்குக் கீழை என்ரை தங்கச்சி வந்து நிக்கேலாது.”

நிருஷன் டிலக்ஷியைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தது. இவளும் இதைத்தான் விரும்புகிறாளோ... நான்கு ஆணிகள். கழற்ற ஐந்து நிமிடம் போதும். இவள் கிடைப்பாள்.

“ஏலாது அண்ணை. சபை சொல்லியும் கழட்டேல்லை. நீங்கள் சொன்னாலும் கழட்ட மாட்டன். எனக்கு உங்கடை தங்கச்சியை விருப்பம். அதையும் ஒளிக்க மாட்டன்.”

கஜீபன் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

“அப்ப கதை முடிஞ்சுது. ஏறடி!”

அவள் அசையவில்லை.

“நீ போ அண்ணை.”

“என்னடி சொல்லுறாய்?”

“நீ கேட்ட உடனை இவர் கழட்டியிருந்தா, நான் உன்னோடை ஏறியிருப்பன்.”

பிறகு நிருஷனின் பக்கம் திரும்பினாள்.

“எனக்கும்... உங்களை விருப்பம்.”