தலைமாட்டில் நின்றவர்கள்

2021 மே மாதம், காலை ஆறு மணி. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் தங்கச்செல்வியின் மூச்சு கொரோனாவில் நின்றது. அவள் புருஷன் விஜயபாண்டி, பந்தல்குடி லாரி டிரைவர், சர்ஜன் சௌந்தரத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“லாரிக்காரன்தான் நோயக் கொண்டாந்துட்டான்னு ஊரே பேசுது. நாந்தானா டாக்டரம்மா? அத மட்டும் சொல்லிருங்க.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சௌந்தரம் போலீஸ் இல்லைதான். ஆனால் வயிற்றைத் தொட்டே உள்ளே கெட்டது எதுவென்று சொல்கிறவர். கேள்வியை விடமாட்டார்.

கொரோனா வந்தபின் தன் தியேட்டரையே அவர் மாற்றியிருந்தார். ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டார். அரை மணியில் முடிவு தெரியும் டெஸ்ட்டில் நெகட்டிவ் வந்தால்தான் மயக்கம், கத்தி எல்லாம். முழுக்கவச உடுப்புக்குப் பஞ்சம் என்பதால் நெகட்டிவ் ஆளுக்குச் சாதா மாஸ்க். தொண்டைக்குள் குழாய் இறக்கும்போது நோயாளியின் மூச்சு தெறிக்கும் என்பதால் மயக்க டாக்டரும் தங்கச்செல்வியும் மட்டும் தலைமாட்டில் நிற்பார்கள். மற்றவர்கள் வெளியே.

இப்போது மயக்க டாக்டரும் காய்ச்சலில் கிடந்தார். வெளியே நின்ற ஒருவருக்கும் ஒன்றுமில்லை. லாரி மேலிருந்த சந்தேகம் அங்கேயே பாதி கழன்றது.

அவரும் தங்கச்செல்வியும் கடைசியாகச் சேர்ந்து நின்றது நரிக்குடி சுந்தரபாண்டியின் தலைமாட்டில். குடலில் ஓட்டை. லோடு ஆட்டோவில் கட்டையாய்க் கிடந்தவனை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். டெஸ்ட் நெகட்டிவ். ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். வார்டில்தான் ஒட்டிக்கொண்டது என்று எல்லாரும் நம்பினார்கள், சௌந்தரமும்.

மதியம் பன்னிரண்டு மணி. வாசல் பந்தலில் மூக்கில் மாதிரி எடுக்கும் சதீஸ்குமாரைக் கூப்பிட்டார்.

“அந்த நரிக்குடிக்காரரு டெஸ்ட்டுக்கு எப்படி வந்தாரு?”

“நடந்துதான் மேடம். நாற்காலியில ஒக்காந்து தலையச் சாச்சுக் காட்டுனாரு.”

“மொகத்தப் பாத்தியா?”

“மூக்கத்தான் பாத்தேன். பேரு கேட்டேன், சொன்னாரு.”

குடல் ஓட்டையானவன் நடக்கமாட்டான், நிமிர்ந்து உட்காரமாட்டான். அசைந்தாலே உயிர் போகும். நாற்காலியில் உட்கார்ந்தவன் வேறு ஆள்.

மாலை நாலு மணி. சுந்தரபாண்டியை அன்று கொண்டுவந்து சேர்த்த தம்பி பால்சாமி, கூப்பிட்டனுப்பியதும் வந்து நின்றான்.

“அண்ணனுக்குப் பதிலா மூக்கக் காட்டுனது நீதான்.”

அவன் மறுக்கவில்லை. அண்ணனுக்கு முன்பே இருமல் இருந்ததாம். பாசிட்டிவ் என்றால் மதுரைக்குத் துரத்துவார்கள், அங்கே கட்டில் இல்லை, காரியாபட்டி தாண்டுமுன் உயிர் போய்விடும் என்று பயந்தானாம்.

“அனுப்பிருக்க மாட்டேன்டா,” என்றார் சௌந்தரம். பாசிட்டிவ் ஆட்களுக்குப் பின்பக்கக் கொட்டகையில் வேறு வழி வைத்திருந்தார். மயக்கம் கிடையாது. முழுக்கவசம் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, வயிற்றில் ஒரு குழாய் சொருகிக் கெட்ட நீரை வடியவிடுவார். அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு.

“யாருமே சொல்லலியே. பாசிட்டிவுக்கு ஆபரேசன் கெடையாதுன்னுதான வாசல்ல எழுதியிருந்துச்சு?”

எழுதச் சொன்னது அவர்தான். கொட்டகை விஷயம் வெளியே தெரிந்தால் ஜில்லாவே வந்து நிற்கும் என்று மறைத்ததும் அவர்தான்.

விஜயபாண்டிக்குப் போன் போட்டார்.

“நீங்க கொண்டு வரல. எங்க தியேட்டர்லதான்.”

அவன் சொன்னான்: “நானா இருந்தா என்னையவே வஞ்சுக்கிட்டுக் கெடந்திருப்பேன். இப்ப யார வைய?”

எதிரே பால்சாமி தலைகுனிந்து நின்றான். அவன் பேர் சௌந்தரத்தின் வாயில் வரவில்லை.

“என்னைய வைங்க,” என்றார்.

விஜயபாண்டி வையவும் இல்லை.