கணுக்காலில் ஒரு ரீங்காரம்

மாடியில் வர்ணம் அடிக்கிறார்கள் என்று குறியீட்டுப் பிரிவை மூட்டை கட்டி, ஆஸ்பத்திரியின் பழைய நரம்பு வார்டுக்கு இறக்கிவிட்டார்கள். கட்டில்களை எடுத்துவிட்டு மேசை போட்டிருந்தார்கள். மருந்து வாடையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

மின்னலுக்கு ஜன்னலோர இடம். பட்டப்பெயர்தான். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய எண்ணைப் போட்டுக் காப்பீட்டுக்கு அனுப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த வேகத்தின் சூட்சுமம் மேலாளரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கிறுக்கல் புரியாவிட்டால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது விதி. மகராசி கேட்கமாட்டாள். 'காரணம் தெரியாத மரமரப்பு' என்ற எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவிவிடுவாள்.

ஒரு தச்சருக்கும் அப்படித்தான் தட்டினாள். அவருக்கு இருந்ததோ பரம்பரையாக வரும் அபூர்வ நரம்பு நோய். வெறும் மரமரப்புக்கு யார் அவ்வளவு விலை மருந்து தருவார்கள்? காப்பீடு கையை விரித்தது. தச்சர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அவர் தங்கைக்கும் கால் இழுக்கிறது. அண்ணனுக்கு அந்த நோய் இருந்ததாகப் பதிவே இல்லை என்று காப்பீட்டில் அவளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எங்கண்ணன் என்ன நோயிலதாம்மா செத்தாரு? நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்று வாசலில் வந்து நின்றாள்.

மின்னல் கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். திருத்தலாம்தான். திருத்தினால் குட்டு உடையும். பதவி உயர்வு வேறு வாசல்வரை வந்து நிற்கிறது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ம்ம்ம்ம்...

நரம்பு டாக்டர்கள் தட்டிக் கணுக்காலில் வைப்பார்களே, இசைக்கவை, அதன் ரீங்காரம். மேசைக்கடியில் புது மரத்தூள் வாசம். எலும்பின் மேல் ஜில்லென்று எதுவோ ஊன்றியது.

"தெரியுதாம்மா?" களைத்த குரல். "எனக்குத் தெரியல."

குனிந்தாள். யாருமில்லை.

மறுநாளும் ரீங்காரம் கேட்டது. ஜில்லிப்பு தெரியவில்லை.

குண்டூசியால் காலைக் குத்தினாள்.

ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

விழுந்தடித்து டாக்டரிடம் ஓடினாள். "அந்தத் தச்சருக்கு நீங்க எழுதினது என்ன டாக்டர்?"

"செத்தப்புறந்தான் கேக்கத் தோணுச்சாக்கும்!"

எண்ணைத் திருத்தினாள். தப்பு தன்னுடையது என்று மேலாளரிடம் சொன்னாள். தங்கைக்கு மருந்து கிடைத்தது. மின்னலின் காலில் எறும்பு ஊர்வதுபோல் உணர்ச்சி திரும்பியது. பதவி பக்கத்து நாற்காலி அக்காவுக்குப் போனது.

"எங்கடி போச்சு உன் வேகம்? இடி விழுந்துடுச்சா?" என்று சிரித்தாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா. நிம்மதியா இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை. அந்த மரமரப்பு எண்ணை இதுவரை எத்தனை பேருக்குத் தட்டியிருப்போம் என்று சட்டென்று தோன்றியது. எண்ணிப் பார்த்ததே இல்லை.

ம்ம்ம்ம்...

அக்கா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

இந்த முறை மரத்தூள் வாசம் இல்லை.

குழந்தைப் பவுடர் வாசம்.

"தெரியுதா, ஆன்ட்டி?"