கம்பளி சுற்றிய கேமரா

மூடிக் கிடந்த மருத்துவமனையின் பின்பக்க வார்டுக்குப் படப்பிடிப்புக் குழுவினர் காலையிலேயே வந்து சேர்ந்தார்கள். துருவேறிய இரும்புக் கட்டில்கள், காரை பெயர்ந்த சுவர், எப்போதோ தெளித்த பினாயிலின் வாடை. ஒலிப்பதிவுக்காரி நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினாள். சத்தம் சுவருக்குச் சுவர் எகிறிக் குதித்தது.

"இந்த ரூம்ல உன் கேமரா மாவு மில்லு மாதிரி கேக்கும்டா," என்றாள்.

கேமராக்காரன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இயக்குநர் பிலிமில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், ஓடும்போது கடகடக்கும் ஒரு பழைய கேமராவைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். குரலைப் பிறகு டப்பிங்கில் சேர்க்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தான். சாகக் கிடக்கும் பெண்ணின் கடைசிப் பேச்சு, அது இங்கேயே பதிவாக வேண்டும் என்றுவிட்டார் அவர்.

அக்காவும் தம்பியும் தங்கள் அம்மா செத்த ஈரம் காயுமுன்னே வேலைக்கு வந்திருந்தார்கள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மரத்துப்போன பல்லால் மெல்வதுபோல நாட்கள் போயின.

வேலை இருந்தது, செய்தாள். வெற்றுச் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்தாள். கேமராவைக் குழந்தையைப் போல் கம்பளிகளால் சுற்றினாள். அப்படியும் கடகடத்தது. கடைசியில் கேமராவை அடுத்த அறைக்கே கொண்டுபோய், நடுவிலிருந்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் படம்பிடிக்கச் சொன்னாள். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். நடிகை மட்டும் வார்டில், கட்டிலில். தலையணை ஓரத்தில் மைக்.

கேமரா ஓடியது. ஹெட்போனில் அந்தக் கடகடப்பு தேய்ந்து, இல்லாமலே போயிற்று.

அதன் அடியில் ஒரு மூச்சு கேட்டது.

நிதானமான, கனத்த மூச்சு. பக்கத்தில் கம்பளிக்குள் தலையை விட்டிருந்த தம்பியினுடையதுதான் ஹெட்போனையும் மீறிக் கேட்கிறது என்று நினைத்து அவன் முதுகைத் தொட்டாள். மூச்சை அடக்கச் சொன்னாள். அடக்கினான்.

மூச்சு நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நடிகை வசனத்தைத் தொடங்கவில்லை. கண்களை மூடிப் படுத்திருந்தாள். அவள் மார்பு அசையவேயில்லை.

பிறகு, மைக்கை உரசிக்கொண்டு ஒரு கிசுகிசுப்பு.

"சத்தமெல்லாம் போயிடுச்சு. இனிமே தூங்கு."

அது அம்மாவின் குரல் இல்லை. ஆனாலும் ஒலிப்பதிவுக்காரிக்குக் கண் சொருகியது. எத்தனையோ நாளாக வராத தூக்கம். ஹெட்போனைக் கழற்றக் கை எழவில்லை. தம்பிதான் அவள் சாய்வதைப் பார்த்துப் பிடித்தான். ஹெட்போன் நழுவி விழுந்ததும் தூக்கம் விட்டது.

அவள் வார்டுக்குள் ஓடினாள். நடிகையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு சில்லென்றிருந்தது. கூப்பிட்டாள். தன் குரல் பஞ்சுக்குள் புதைவதுபோல் இருந்தது.

"கம்பளிய உருவுடா," என்றாள். "இங்க கொண்டா. ஓட்டு."

தம்பி கேமராவைக் கட்டிலருகே கொண்டுவந்து, சுற்றியிருந்ததையெல்லாம் உருவி எறிந்து ஓடவிட்டான். அவள் சுவரில் சாய்த்த மெத்தைகளை இழுத்துத் தள்ளினாள். கடகடப்பு வெறும் சுவர்களில் மோதி வார்டையே உலுக்கியது. பிலிம் தீரப்போகும் சமயத்தில் நடிகை நீருக்குள்ளிருந்து எழுந்தவள்போல் மூச்சை இழுத்தாள்.

"யாரோ தலையக் கோதிவிட்டாங்க," என்று மட்டும் சொன்னாள்.

இயக்குநர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். டப்பிங்கே போதும் என்றார். திரும்பும் வழியில் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நீ பயந்தியா?"

"இல்லடா," என்றாள். அது உண்மை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்து படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டிகளின் இரைச்சல் அடங்கியது. எழுந்து பார்த்தாள். வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. பிறகு குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. அதன் முன்பக்க விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சத்தமில்லாமல் சுழன்றது.

கண் இமை கனத்தது. சத்தம் எழட்டும் என்று மேஜையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

அது தரையில் விழுந்தது, துள்ளியது, சுவர்வரை உருண்டது.

சத்தம் வரவில்லை.