நாய் தோண்டிய தரை

கான்கிரீட் தரையை நாய் தோண்டிவிட்டது.

தோண்ட முடிந்தது... அதுதான் விபரீதம்.

குழிக்குள் ஒரு கை. விரலில் இக்போகேயின் செம்பு மோதிரம்.

அபகாலிகி ஊரின் அரிசி ஆலைக்குப் பின்னால், கட்டிக்கொள்ளப்போகும் இரண்டாவது மனைவிக்காக இக்போகே கட்டிய வீடு அது. இன்று திங்கள்; வருகிற சனிக்கிழமை கல்யாணம்.

மூத்தவள் உகோமா வாசலில் உட்கார்ந்து கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கத்திகூட நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒகோடோ கடலையை மென்றபடி மேஸ்திரி எலோமைப் பார்த்தார்.

"தரை எப்ப போட்டே?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்."

"முந்தாநாள் சனிக்கிழமை மத்தியானம் சந்தையில வச்சு உன்னை அறைஞ்சாரு இக்போகே. ஊரே பார்த்துச்சு. அப்புறம் எப்படித் தரைக்குள்ள போனாரு?"

"அதான் சார் புரியலை. சனிக்கிழமை காலையிலேயே கல்லாயிருக்கணுமே?"

"சிமெண்டுல உமிச் சாம்பல் கலந்தியா?"

"எல்லாரும் கலக்கறதுதானே? பத்துக்கு ஒரு பங்கு. அதுக்கு இப்படி இளகாது."

ஒகோடோ ஒரு துண்டை எடுத்து நசுக்கினார். கறுப்பாய் உதிர்ந்தது.

"ஒரு பங்கா? பாதிக்குப் பாதி சாம்பல்ய்யா. தரை காயலைன்னு தெரிஞ்சவன்தான் புதைச்சிருக்கான். வேற யாருக்குத் தெரியும்? ஜீப்புல ஏறு."

எலோம் கைகூப்பினான்.

"சார்... தெரிஞ்சிருந்தா சனிக்கிழமை விடிஞ்சதும் இந்த ரூமுக்கு இரும்புக் கட்டிலைத் தூக்கிட்டுப் போங்கடான்னு ஆளுங்களை அனுப்புவேனா? நாலு காலும் புதைஞ்சிருக்குமே!"

ஒகோடோ மெல்லுவதை நிறுத்தினார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கட்டில் எங்கே?"

"திருப்பி அனுப்பிட்டாங்கன்னு ஆளுங்க இன்னைக்குத்தான் சொன்னாங்க. தரை காயலையாம். செவ்வாய்க்கிழமை கொண்டாரச் சொன்னாங்களாம்."

"யாரு?"

எலோம் மெல்ல வாசல் பக்கம் திரும்பினான்.

ஒகோடோ உகோமாவின் முன்னால் போய் நின்றார்.

"மேஸ்திரிக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"கலந்தது நான்தானே." விலை சொல்கிற குரல். "இளையவ ரூமுக்கு மூத்தவ கையாலதான் கலவை போடணும்னாரு. மரியாதையாம். மேஸ்திரி சாப்பிடப் போனப்ப இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன்."

"அப்புறம்?"

"சனிக்கிழமை சாயங்காலம் தரையைப் பார்க்க வந்தாரு. ஏன் காயலைன்னு குனிஞ்சாரு. மம்பட்டி பக்கத்துல இருந்துச்சு."

எலோம் அவள் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா... நான் ஜெயிலுக்குப் போயிருப்பேனே..."

"போயிருப்பே."

ஒகோடோ விலங்கை எடுத்தார். அவளே கையை நீட்டினாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"வலிக்கலையாம்மா?"

"எதுவும் தெரியலை சார். மரத்துப் போச்சு."

ஜீப்பில் ஏறும்போது ஒருமுறை திரும்பி, குழியோரம் வாலாட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள்.

"சாம்பல் போட்டா மெதுவாத்தான் சார் இறுகும். நான் காத்துக்கிட்டுதான் இருந்தேன்... அந்த நாய்க்குத்தான் செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுக்கலை."