கண்ணாடித் தட்டில் ஒரு தூசி

நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய். மனைவியின் நெஞ்சு ஆபரேஷனுக்காக ஆந்தை, டாக்டரம்மாவிடம் வாங்கிய கடன். டாக்டரம்மா வைத்தியம் பார்ப்பவள் அல்ல. பந்துபோல் திரண்டு கிடக்கும் நட்சத்திரக் கொத்துகளில் எவை துடிக்கின்றன என்று ஆராய்கிறவள். ராத்திரியெல்லாம் விழித்து வேலை பார்ப்பவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்ததும் அவள்தான். துடிக்கிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தால் கடனில் நூறு கழியும். போன வருஷம் பூராவும் தேடிக் கிடைத்தது பதினொன்று.

ஒரே கொத்தை இரண்டு இரவுகளில் படம்பிடித்த இரண்டு கண்ணாடித் தட்டுகள். நட்சத்திரங்கள் அவற்றில் கரும்புள்ளிகள். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் கருவியின் கைப்பிடியை ஆட்டினால் அதுவும் இதுவும் மாறி மாறித் தெரியும், ஒளி மாறிய புள்ளி மட்டும் கண்சிமிட்டும்.

அன்றிரவு வானாய்வுக்கூடத்தின் குவிமாடத் தகரத்தில் காற்று உரசிக்கொண்டிருக்க, விளக்குச் சூட்டில் பழைய பசை வாசனை கிளம்பி மூக்கை அடைக்க, அவன் கண்ணை எடுக்காமலே கைப்பிடியை விட்டான். விட்டபிறகும், கொத்தின் ஓரத்தில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு புள்ளி பெருத்தது, சுருங்கியது, பெருத்தது.

படத்தில் இருப்பது எப்படித் துடிக்கும்?

மூன்று துடிப்பு. ஒரு தடுமாற்றம். மறுபடி மூன்று.

இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். கீழ் அறைக்கு ஓடி, தூங்கும் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தான். மூன்று. தடுமாற்றம். மூன்று.

"கை ஐஸா இருக்குங்க. போய் வேலையைப் பாருங்க," என்று அவள் புரண்டு படுத்தாள்.

மேலே வந்தபோது டாக்டரம்மா தட்டின்மேல் குனிந்திருந்தாள். கையில் பிளேடு. தட்டில் ஒட்டிய தூசி நட்சத்திரம் மாதிரியே ஏமாற்றும். சுரண்டிவிடுவதுதான் அங்கே முறை.

"வேண்டாம்மா. தூசி இல்ல அது. துடிக்குது!"

"அரை நாளுக்கு ஒரு தடவை துடிச்சாதான் நட்சத்திரம். நொடிக்கு நொடி துடிச்சா உன் கண்ணுல கோளாறு. நாலு எழுத்து படிச்சதும் எனக்கே பாடம் எடுக்கிறியா, ஆந்தை?"

"என் பொண்டாட்டிம்மா அது!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுரண்டினாள்.

கிரீச்.

கீழே கட்டில் ஒருமுறை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

ஓடினான். தொட்டான். மணிக்கட்டில் ஒன்றுமில்லை. கத்துவதற்காக மேலே வந்தவனை டாக்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பக்கத்துலயே இன்னொண்ணு. என்ன குதி குதிக்குது பாரு."

எட்டிப் பார்த்தான். தட தட தட. அவன் நெஞ்சும் அப்படியே.

பிளேடின் முனை புள்ளிக்கு மயிரிழை தள்ளி நின்றது. அவள் கையைப் பிடித்தால் பிளேடு புள்ளிமேல் இழுபட்டுவிடும். அசையவில்லை அவன்.

"அம்மா... இன்னும் நாப்பதாயிரத்து இருநூறு பாக்கி இருக்கு. நான் இருந்தாத்தானே அடைக்க முடியும்..."

டாக்டரம்மா முதல்முறையாக நிமிர்ந்தாள். அவன் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு புள்ளியை. இடது கையால் கடன் நோட்டைப் பிரித்து, அவன் பெயர் இருந்த பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள்.

"தள்ளியாச்சு," என்றாள்.

பிளேடு கண்ணாடியைத் தொட்டது.