பதுங்கறைக் கணக்கு

நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போனது மூத்தவளின் பள்ளிக்கூட வேலைக்காக. அவள் பாட்டுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாள். சின்னவன் வாண்டுவுக்கோ எதைப் பார்த்தாலும் தொட்டாக வேண்டும். பழைய தராசு, பழைய தையல் மெஷின், யாரோ ஒரு பெரிய மனுஷன் உட்கார்ந்த நாற்காலி என்று ஒன்றையும் விடவில்லை. "தொடாதடா, கையைக் கட்டுடா" என்று கத்திக் கத்தியே என் தொண்டை வறண்டுவிட்டது.

கடைசியாகப் பதுங்கறை. போர்க்காலத்தில் குண்டு விழும்போதெல்லாம் ஊர் ஜனம் ஓடி ஒளிந்த நிலவறை அது. கீழே குளிரும் என்று குழந்தைகளுக்குத் தலைமூடி வைத்த சாம்பல் நிறக் கோட்டு கொடுத்தார்கள். போட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சு. வாசலில் நின்ற வழிகாட்டி, உள்ளே நுழைகிற ஒவ்வொரு தலைக்கும் கையிலிருந்த எண்ணும் கருவியை டிக்கென்று அழுத்தினார்.

"உள்ள போற கணக்கும் வெளிய வர்ற கணக்கும் சரியா இருந்தாதான் கதவைப் பூட்டுவேன். யாரும் பயப்படாதீங்க" என்று சிரித்தார்.

படி இறங்கினோம். ஈரச் சுவரின் வாடை. மூத்தவள் ஒரு பக்கம் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். வழிகாட்டி கதையைச் சொல்லி முடித்து, அந்தக் காலத்து இருட்டைக் காட்டுகிறேன் என்று விளக்கை அணைத்தார்.

என் உள்ளங்கையிலிருந்து வாண்டுவின் கை நழுவியது.

துழாவினேன். உடனே ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது.

சில்லென்றிருந்தது. குளிரும் என்றுதானே சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வந்ததும் எல்லோரும் மேலே ஏறினோம். படியில் குதிக்காமல், சுவரைச் சுரண்டாமல், அவன் கூடவே வந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேலே வந்து, கோட்டைக் கழற்றத் தலைமூடியை விலக்கினேன்.

அது என் பிள்ளை இல்லை.

அதே உயரம். ரத்தமே இல்லாத முகம். என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா" என்றது.

பிள்ளை மாறிவிட்டதோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மற்றவர்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தேடவில்லை. வழிகாட்டி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"என் பையன் உள்ள இருக்கான். திறங்க!"

"கணக்கு சரியா இருக்கும்மா. உங்க கையைப் பிடிச்சிட்டுதானே நிக்கிறான்?"

"ஐயோ, இவன் என் பையன் இல்லைங்க!"

அவருக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிற எரிச்சல். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதவளா என்பதுபோலப் பார்த்தார். நான் அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன். மூத்தவள் அழ ஆரம்பித்தாள்.

"அங்கிள், இது தம்பி இல்ல. நிஜமா இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள்.

ஒரு சின்னக் கை எட்டும் உயரத்தில்.

வழிகாட்டிக்கு வேர்த்துவிட்டது. கதவைத் திறந்தார். வாண்டு வாசலுக்கு உள்ளேயே நின்றிருந்தான். கண் திறந்துதான் இருந்தது, எங்களைத் தெரியவில்லை. "அம்மா, இருட்டா இருக்கும்மா" என்று காற்றைத் துழாவினான். தோளைப் பிடித்து இழுத்தேன். மூத்தவளும் இழுத்தாள், வழிகாட்டியும் இழுத்தார். நட்டுவைத்த கல்போல அவன் அசையவே இல்லை.

"இந்தக் கணக்கு மாறாதும்மா." வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முன்னாடி இங்க வேலை பார்த்தவர் சொன்னப்ப நான் நம்பல. ஒருத்தர் வெளிய வரணும்னா, ஒருத்தர் உள்ள போகணும்."

என் இன்னொரு கையை அந்தச் சில்லென்ற விரல்கள் இறுக்கின.

"வேண்டாம்மா. நான் சமத்தா இருப்பேன். எதையும் தொடவே மாட்டேன்."

எனக்கு என் பிள்ளை வேண்டும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினேன். அந்த முதுகு எவ்வளவு சின்னது என்பது இன்னும் என் கைக்குத் தெரிகிறது.

வாண்டு என்மேல் வந்து விழுந்தான். கதவு பூட்டப்பட்டது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

பஸ்ஸில் கடைசி வரிசை காலியாக இருந்தது. பிள்ளைகள் இருவரையும் அணைத்தபடி உட்கார்ந்தேன். வாண்டு மெல்லச் சொன்னான்.

"அவன் உன்மேல கோவமா இல்லம்மா."

"யாருடா?"

"அவங்கம்மாவும் அப்படித்தான் அவனை உள்ள விட்டுட்டுப் போனாங்களாம். அவனுக்குப் பழகிடுச்சாம்."

மூத்தவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. யாரும் ஏறவில்லை.

"ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகரும்மா," என்றான் வாண்டு. "அவனுக்கு இடம் பத்தல."

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

நகர்ந்து உட்கார்ந்தேன்.