புர்வாவின் மீசையில் அரிசி

"என் புருஷன் ஓடிப்போறவர் இல்லண்ணே," என்றாள் யாங்ஜி, வந்ததும் வராததுமாக. "அவர் செத்த நாற்பத்தொன்பதாம் நாள் பூஜைக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் உர்கென் அவளுக்கு உப்புத் தேநீர் ஊற்றினார். காவலன் நிங்மாவுக்கு விஷயம் தெரியும். மலையடிவார ஊரான நாம்சே முழுக்க இதே பேச்சுதான். காசு கட்டி மலையேற வந்த வெள்ளைக்கார மெம்பரைக் கூட்டிப்போய், உச்சியருகே சாகவிட்டு ஓடிவந்த அவள் புருஷன் புர்வா, வழியிலேயே விறைத்துச் செத்தானாம். சொன்னவன் குழுத்தலைவன் கியால்சென். அன்று அவ்வளவு உயரம் போன ஷெர்பாக்கள் அந்த இருவர்தான். செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

யாங்ஜி இரண்டு பொருள்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று, ஏறும்முன் லாமா ஆளுக்கொன்றாக ஓதிக் கொடுத்த அரிசிப் பொட்டலம். புர்வாவின் சட்டைப்பையில் முடிச்சு அவிழாமலே இருந்தது. மற்றது, உடலை எடுக்கப் போனவர்கள் அதைத் தொடுமுன் எடுத்த புகைப்படம்.

"ஐயா, மீசைல அரிசி!" நிங்மா துள்ளினான்.

"கத்தாதே. கியால்செனைக் கூட்டிட்டு வா."

வந்தவன் யாங்ஜியைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

"புர்வாவைக் கடைசியா எங்க பார்த்தே?" என்றார் உர்கென்.

"உச்சிக்குப் பக்கத்துலங்க. என்னைத் தாண்டி ஓடினான். அப்புறம் பார்க்கவே இல்ல."

"நிங்மா, வழியில பொணம் கிடந்தா நம்மாளு என்ன செய்வான்?"

"அரிசி தூவிட்டுத்தான் தாண்டுவான் ஐயா. இல்லேன்னா ஆவி பின்னாலயே வருமே!"

"புர்வாவோட பொட்டலம் பிரிக்கவே இல்ல. அங்க அரிசி வெச்சிருந்த இன்னொரு ஆள் நீதான், கியால்சென்."

கியால்செனுக்கு வியர்த்தது. "பார்த்தேங்க. செத்துக் கிடந்தான். பயத்துல தூவிட்டு வந்துட்டேன்."

உர்கென் படத்தை நகர்த்தினார். "நல்லாப் பாரு. அரிசி பனிக்கு மேல இல்ல, உள்ள இருக்கு. மூக்குக்குக் கீழ மட்டும் பனி கட்டியிருக்கு. மூச்சு விட்டாத்தான்யா அப்படிக் கட்டும். நீ தூவினப்போ அவன் உயிரோட இருந்தான்."

துப்பு கிடைத்த குஷியெல்லாம் போய், நிங்மா தொப்பியைக் கழற்றினான்.

கியால்சென் உடைந்துபோனான். "மெம்பர் மூச்சுமுட்டிக் கிடக்கான், ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒண்ணு குடுன்னு புர்வா வந்தான். தன்னோடதை அவனுக்கு மாட்டிட்டு வெறும் மூஞ்சியோட வந்திருந்தான். இருந்தது ஒண்ணுதான், என் மெம்பருக்கு வேணும்னுட்டேன். அப்படியே சரிஞ்சான். செத்துட்டான்னுதான் நினைச்சேன், தங்கச்சி. சத்தியமா."

யாங்ஜி அழவில்லை. "நாளைக்கு மடத்துத் திருவிழாவுக்கு ஊர் கூடறப்போ இதை அப்படியே சொல்லுங்க."

"சொன்னா இனிமே எவனும் என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போகமாட்டானே!"

"போகாதீங்க. உங்க பொண்டாட்டிக்காவது புருஷன் மிஞ்சட்டும்."